சுள.500: பழைய டிடிபி மென்பொருளை விட்டு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் மார்த்தாண்டத்தில் ஒரு டிடிபி கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரத் தம்பி ஒரு கோயில் கொடை விழா நோட்டீஸைத் திரையில் காட்டி, "அண்ணே, இது ஏன் இப்படி வருது?" என்றான். வெள்ளிச்சந்தை என்று ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'வௌ்ளிச்சந்தை' என்று இருந்தது.

2026 அக்டோபரோடு பப்ளிஷர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளை நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்ததிலிருந்து, பத்து வருட நோட்டீஸ்களையும் வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் வேலையில் இருக்கிறான். அதே மாதிரி பழைய மென்பொருளான பேஜ்மேக்கரை விட்டு வெளியே வந்தபோது நான் அடித்த அதே கூத்து. அடோபி 2004லேயே பேஜ்மேக்கர் வளர்ச்சியை நிறுத்திவிட்டது. வடசேரியில் நான் வேலை பார்த்த அச்சகத்தில் அது அப்புறமும் பல வருடம் ஓடியது. ஓடுகிறவரை யார் கவலைப்படுவார்கள்?

பேக்கப் எடு, வைரஸ் பார் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

விலையைப் பார்த்து மென்பொருள் எடுப்பது

முதலில் பார்க்க வேண்டியது தமிழ் எழுத்து ஒழுங்காகச் சேர்கிறதா என்பதை. யூனிகோடில் (இப்போது எல்லாக் கம்ப்யூட்டரும் போனும் பயன்படுத்தும் பொது எழுத்துமுறை) 'கொ, கௌ, க்ஷ, ஸ்ரீ' என்று அடித்துப் பாருங்கள். கொம்பு தனியாக நின்றால் அது இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஸ்கிரைபஸ் என்ற இலவச மென்பொருளின் 1.4 வரிசை இந்தச் சோதனையில் தோற்கும். 2024இல் வந்த 1.6 தேறும். அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருள் இப்போது இலவசம் என்று எல்லோரும் இறக்குகிறார்கள். இறக்கியதும் இதே நான்கைத்தான் அடித்துப் பார்க்க வேண்டும். அடோபியின் இன்டிசைனில் உடைந்து தெரிந்தால் பதற வேண்டாம், பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி' கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

'பிடிஎஃப் இருக்குல்லா' என்று நிம்மதியாக இருப்பது

பிடிஎஃபில் எழுத்தைத் திருத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அடுத்த வருடம் கொடைக்குத் தேதி மாற்ற வரும்போது தெரியும்.

எழுத்தை மொத்தமாக அள்ளி கன்வெர்ட்டரில் போடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும், என் மேல்தான்.

தக்கலைப் பக்கம் ஒரு ஆலயத்தின் பொன்விழா மலர். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து, புரூஃபும் பார்த்து முடித்தாயிற்று. புது கம்ப்யூட்டர், புது இன்டிசைன். அப்படியே யூனிகோடுக்கும் மாற்றிவிடலாமே என்று என் புத்தி போனது. எழுத்து முழுவதையும் நோட்பேடில் ஒட்டி, பழைய எழுத்தை யூனிகோடாக மாற்றும் கன்வெர்ட்டரில் போட்டு, திரும்பப் பக்கத்தில் ஊற்றினேன். மேலோட்டமாகப் பார்த்தேன், தமிழ் அழகாக இருந்தது. பிளேட் போட்டு அச்சடித்தும் விட்டோம்.

மலரை வாங்கிப் பார்த்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நேராக அச்சகத்துக்கு வந்தார். "மக்கா, நான் படிச்சது பி.ஏ. எம் பேருக்குப் பின்னால எதுக்கு டீ போட்டிருக்க?"

நன்கொடையாளர் பட்டியலில் ஆங்கிலத்தில் இருந்த பி.ஏ. எல்லாம் 'டீ.யு.' ஆகியிருந்தது. எம்.ஏ. படித்தவர்கள் 'ஆ.யு.'. தொகைக்கு முன்னால் ஆங்கிலத்தில் இருந்த ஆர்எஸ், 'சுள'. சுள.500, சுள.1000 என்று பலாச்சுளை எண்ணிக் கொடுத்த மாதிரி எட்டுப் பக்கம். அந்தப் பக்கங்களை மறுபடி அடித்த பேப்பர் காசு என் சம்பளத்தில் போனது.

காரணம் இதுதான். பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை தமிழே கிடையாது. 'அம்மா' என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அதற்குத் தமிழ் முகம் கொடுப்பது எழுத்துரு மட்டுமே. நோட்பேடில் ஒட்டிய நிமிடமே எது பாமினி, எது டைம்ஸ் (ஆங்கில எழுத்துரு) என்ற தகவல் போய்விடும். கன்வெர்ட்டர் பாவம், எல்லாவற்றையும் பாமினி என்றே எடுத்துக்கொள்ளும். பெரிய பி 'டீ' ஆகும், பெரிய ஏ 'யு' ஆகும்.

அதனால் எழுத்தை முதலில் நோட்பேடுக்கு அல்ல, வேர்டுக்குக் கொண்டுபோங்கள். அங்கே எழுத்துருவை வைத்துத் தேடலாம். பாமினி அல்லாத ஒவ்வொரு துண்டையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் 9001, 9002 என்று எண் போட்டு, எந்த எண்ணுக்கு எந்தச் சொல் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எண்களைக் கன்வெர்ட்டர் தொடாது. மாற்றி முடித்த பிறகு பழைய சொற்களைத் திரும்ப வையுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் பேப்பர் காசு மிச்சம்.

இனி வெள்ளிச்சந்தைக்கு வருவோம். பழைய எழுத்துருவில் 'கௌ' அடிக்கக் கொம்பு, க, ள என்று மூன்று விசை. 'கெள' என்பதற்கும் அதே மூன்று. எது எதுவென்று கன்வெர்ட்டருக்குத் தெரியாது. வெள்ளமடம், வெளிநாடு எல்லாம் 'வௌ' ஆகும். தமிழில் ஔகாரக் குறிக்குப் பின்னால் புள்ளியோ இகரக் கொக்கியோ வரவே வராது. அதனால் 'ௌ்', 'ௌி' இரண்டையும் தேடி, 'ெள்', 'ெளி' என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். வெறும் ௌவை மட்டும் மொத்தமாக மாற்றிவிடாதீர்கள், வௌவாலும் கௌரவமும் போய்விடும்.

மாற்றிய பிறகு ஒரு புரூஃப் கட்டாயம். முந்தைய புரூஃபில் கமிட்டிக்காரர் போட்ட கையெழுத்து இதற்குச் செல்லாது.

புது இன்டிசைன் பழையதைத் திறக்கும் என்று நம்புவது

பேஜ்மேக்கர் 6, 7 ஃபைல்களை இன்டிசைன் சிஎஸ்6 வரைதான் திறக்கும். அதற்குப் பின் வந்தவை திறக்காது. சிஎஸ்6 வைத்திருப்பவர் யாராவது இருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து இன்டிசைன் ஃபைலாகச் சேமித்து வாங்கிக்கொள்ளுங்கள். பப்ளிஷர் ஃபைலை லிப்ரேஆபிஸ் டிரா திறக்கும், ஆனால் பெட்டிகள் இடம் மாறி நிற்கும். எழுத்தை எடுக்க உதவும், அவ்வளவுதான்.

கிராக் பதிப்பு

வேண்டாம்.

ஆடி, மாசியில் மாறுவது

கொடைக் காலத்தில் புதுசு எதையும் தொடாதீர்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ் வேலை எல்லாம் முடிந்த ஜனவரிதான் எனக்கு வாய்த்தது.

பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் போடுவது

பழைய ஃபைல்களைத் திறக்க அது வேண்டும். என்னுடையது இன்னும் மச்சில் இருக்கிறது. மார்த்தாண்டத்துத் தம்பி ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ கொண்டுவந்து எடுத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறான்.