ஆஸ்பின்வால் கிடங்கில் கலை பார்க்கும் முறை

கொச்சியிலுள்ள ஆஸ்பின்வால் கிடங்குக்குப் பாலக்காட்டிலிருந்து போகிறவர்கள் எர்ணாகுளம் ஜெட்டியில் ஃபோர்ட் கொச்சிப் படகு ஏறுங்கள். கிடங்குகள் ஏன் நீரை ஒட்டி நிற்கின்றன என்பது படகிலிருந்துதான் விளங்கும்.

இரண்டாண்டுக்கு ஒருமுறை நடத்தப்படும் கலைக் கண்காட்சியான கொச்சி முசிறி பினாலேக்கு 2012 முதல் பல முறை முக்கிய இடமாக இருந்த ஆஸ்பின்வால் ஹவுஸ், 1867-இல் தொடங்கிய ஆங்கிலேய வணிக நிறுவனத்தினுடையதாக இருந்தது. மிளகு, இஞ்சி, மஞ்சள், தேங்காயெண்ணெய் என்று வியாபாரம் நடந்த வளாகம். ஆகவே படைப்புக்கு முன்னால் கட்டடத்தைப் பாருங்கள்: உத்திரம், காரை உதிர்ந்த சுவர், நீர்ப்பக்கம். மூட்டை எந்த வழியாக இறங்கியிருக்கும், யார் சுமந்திருப்பார்? முதலாளி பெயர் வாசலில் நிற்கிறது. சுமந்தவர் பெயர் எங்கும் இல்லை. இது முக்கியம்.

படைப்பின் முன் 5 நிமிடம் குறிப்புப் பலகையைப் படிக்காதீர்கள். படித்துவிட்டால் கண் அதில் சொன்னதை மட்டுமே தேடும். பிறகு ஆண்டு, பொருள், இரவல் தந்தவர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 'சேகரிக்கப்பட்டது' என்றிருந்தால் யாரிடமிருந்து, விலைக்கா, பறித்தா என்று அங்கிருப்பவரிடம் கேளுங்கள். படம் எடுத்தால் பலகையையும் எடுங்கள்.