கோத்தகிரி பண்ணை வீட்டில் சமைத்துத் தங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

தேயிலைத் தோட்டத்துக்குள் ஒரு பண்ணை வீடு, இரண்டு மூன்று நாள் தங்கல், சமையல் நம்முடையது, பகலெல்லாம் நடை. கோத்தகிரிப் பக்கம் இப்படித் தங்க வருகிறவர்கள் ஸ்வெட்டர், கேமரா, பைனாகுலர் எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்து வைக்கிறார்கள். அடுப்படியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பருப்பு வேகாமல் போவதும், ராத்திரியில் கரடி கதவைப் பிறாண்டுவதும், மூடிய அறைக்குள் மூச்சு முட்டுவதும் அங்கேதான் தொடங்குகின்றன.

சாதாரணமானதை முதலில் பார்ப்போம். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கிறதே என்று நம்பித் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பைப் போட்டால் ஒரு மணி நேரம் ஆனாலும் மசியாது, கேஸ்தான் தீரும். குக்கர் கட்டாயம் வேண்டும். பண்ணை வீட்டில் குக்கர் இருக்கும், ஆனால் வெயிட் தொலைந்திருக்கும், அல்லது கேஸ்கட் தளர்ந்திருக்கும். வீட்டிலிருந்தே ஒரு 5 லிட்டர் குக்கரை எடுத்துப் போவது நல்லது. ஊரில் வைப்பதைவிட ஒன்றிரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். கொண்டைக்கடலையைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டால் 12 மணி நேரம் கழித்தும் நடுவில் கெட்டியாக இருக்கும். வெந்நீர் ஊற்றி மூடி வையுங்கள்.

இட்லி மாவை அங்கே போய்ப் புளிக்க வைக்கலாம் என்று எண்ண வேண்டாம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போகும். காலையில் மாவு வைத்தபடியே இருக்கும். புளித்த மாவாகவே கொண்டு போங்கள், இல்லையென்றால் ரவை, சேமியா, கோதுமை மாவு போதும். தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும் என்பதால் தாளிக்கக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் நான்கு பேர், இரண்டு இரவு என்றால் அரிசி ஒன்றரை கிலோ, பருப்பு அரை கிலோ, எண்ணெய் அரை லிட்டர் தாராளமாகப் போதும். காய்கறி கொண்டு போக வேண்டியதில்லை. கேரட், பீன்ஸ், முட்டைகோஸ் எல்லாம் கோத்தகிரி சந்தையிலேயே புதிதாகக் கிடைக்கும். மாற்று சிலிண்டர் இருக்கிறதா என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி போகும், அதனால் இண்டக்‌ஷன் அடுப்பை மட்டும் நம்ப முடியாது.

அளவுக்கு மேல் வாங்கிப் போகாதீர்கள் என்பதற்குக் காசு மட்டும் காரணமில்லை. கோத்தகிரி, குன்னூர் வட்டாரக் கரடிகளுக்கு எண்ணெய் வாசனை பழகிப்போயிருக்கிறது. கோயிலுக்குள் புகுந்து விளக்கில் ஊற்றும் எண்ணெயைக் குடிப்பதும், கடைக் கதவை உடைத்து வெல்லம் தின்பதும் இங்கே வழக்கமாக வரும் செய்தி. சமையலறையின் மெல்லிய மரக் கதவு கரடிக்கு ஒரு தடையே அல்ல. பொரித்த எண்ணெயையும் மீன் கழுவிய தண்ணீரையும் வீட்டுக்குப் பின்னால் ஊற்றுவது, எச்சில் தட்டுகளை வெளித் தொட்டியில் போட்டுவிட்டுக் காலையில் கழுவிக்கொள்ளலாம் என்று படுப்பது, இவை இரண்டும்தான் அதை வாசலுக்கு அழைத்து வருகின்றன. இருட்டுவதற்குள் பாத்திரங்களைக் கழுவி உள்ளே வைத்துவிடுங்கள். எண்ணெய், வெல்லம், பழம், தேன் ஆகியவை மூடிய டப்பாவில், பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். கோழியை வெளியில் சுட்டால் கொழுப்பு சொட்டிய தட்டையும் கம்பியையும் அன்றே தேய்த்து உள்ளே எடுத்துவிட வேண்டும்.

குப்பையும் அப்படித்தான். “காய்த்தோல்தானே, மண்ணோடு மண்ணாகிவிடும்” என்று தேயிலைச் செடிக்குள் வீசினால் பகலில் குரங்கு வரும், இரவில் காட்டுப்பன்றி வரும். பிளாஸ்டிக் உறையில் ஒட்டிய சோற்றுக்காக அந்த உறையையும் சேர்த்துக் கடமான் விழுங்கும். எல்லாவற்றையும் ஒரு மூடி போட்ட வாளியில் சேர்த்துக் கிளம்பும்போது ஊருக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை உண்டு. சோதனைச் சாவடியில் பறிமுதல் செய்வார்கள். எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

இரவில் வெளியே சத்தம் கேட்டால் டார்ச்சோடு கதவைத் திறந்து பார்ப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. வெளி விளக்கைப் போடுங்கள், உள்ளிருந்தே பாத்திரத்தைத் தட்டுங்கள், காவலாளிக்குப் போன் செய்யுங்கள். அவருடைய எண்ணையும் வனச்சரக அலுவலக எண்ணையும் வந்த அன்றே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும், ஏனென்றால் பல தோட்டங்களில் சிக்னல் வீட்டின் ஒரு மூலையில்தான் கிடைக்கும். நாயைக் கூட்டிவந்திருந்தால் இரவில் வராந்தாவில் கட்டாதீர்கள். சிறுத்தைக்கு நாய் எளிதான இரை.

விலங்கைவிட எங்களைப் பயமுறுத்துவது கரி அடுப்புதான். குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று பார்பிக்யூ முடிந்த கனலை அறைக்குள் கொண்டுவந்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள். கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. கொடைக்கானலில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. சாம்பல் பூத்த கரியும் உள்ளே வரக் கூடாது. தண்ணீர் ஊற்றி அணைத்து வெளியிலேயே விடுங்கள். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் இருந்தாலும் இதே ஆபத்து உண்டு. குளிர் தாங்கவில்லையென்றால் கூடுதல் கம்பளி கேளுங்கள்.

நடைக்கு வருவோம். தேயிலைப் பாதையில் நீங்கள் கட்டாயம் பார்க்கப்போவது காட்டெருமை. வளர்ந்த காளை ஒரு டன் வரை எடை இருக்கும். தினமும் மனிதர்களைப் பார்த்துப் பழகியதால் சாதுவாக மேயும், அதைப் பார்த்து ஏமாந்து செல்ஃபிக்கு நெருங்குகிறார்கள். தனியாக நிற்கும் காளையும் கன்றோடு நிற்கும் பசுவும் ஆபத்தானவை. மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினாலே நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். தலையைத் தாழ்த்திச் சீறினாலோ, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினாலோ அது எச்சரிக்கை. ஓடாமல், முகத்தைத் திருப்பாமல் பின்வாங்குங்கள். குறைந்தது 50 மீட்டர் இடைவெளி வேண்டும். செடிகளுக்கிடையே படுத்திருக்கும் காட்டெருமை பத்தடி தூரத்தில்கூடக் கண்ணில் படாது, அதனால் குறுக்கு வழியில் இறங்காமல் வண்டிப் பாதையிலேயே நடங்கள். பனிமூட்டத்திலும், காலை 7 மணிக்கு முன்பும், மாலை 5 மணிக்குப் பிறகும் நடை வேண்டாம். பேசிக்கொண்டே போனால் கரடி தானாக விலகிவிடும். திடீரென்று நேருக்கு நேர் வரும்போதுதான் அது பாய்கிறது.

தோட்டம் முடிந்து சோலை தொடங்கும் இடத்தில் உங்கள் வாடகை உரிமையும் முடிந்துவிடும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். காட்டு நடை வேண்டுமென்றால் வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் பதிவு செய்யுங்கள். லாங்வுட் சோலையும், கரிக்கையூரிலிருந்து ரங்கசாமி மலைக்குப் போகும் பாதையும் அதில் உண்டு. கோடைத் தீக்காலத்தில் இந்தப் பாதைகளை மூடிவிடுவார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை நினைத்தால் அந்தத் தடையின் அருமை புரியும்.

எப்போது போவது என்பதிலும் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. செப்டம்பரோடு மழை ஓய்ந்தது என்று தீபாவளி விடுமுறைக்குப் பதிவு செய்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சிப் பக்கத்தைத்தான் புரட்டிப் போடும். கோத்தகிரி கிழக்குச் சரிவு, அதற்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில் அக்டோபர், நவம்பரில்தான் வரும். 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் இந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மாதங்களில் போவதானால் சரிவை வெட்டி ஒட்டிக் கட்டிய வீட்டைத் தவிர்த்துவிடுங்கள்.

2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும். கோடையில் தினசரி வாகன எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் முன்கூட்டியே எடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை வழியாக ஏறும்போது, பலாப்பழ சீசனில் யானைகள் சாலையைக் கடக்கும்; ஹார்ன் அடிக்காமல் தள்ளி நிறுத்திக் காத்திருக்க வேண்டும். இறங்கும்போது இரண்டாம் கியரில் வாருங்கள். பிரேக் கருகும் வாசனை வந்தால் அரை மணி நேரம் நிறுத்தி ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். பண்ணை வீட்டுக்குப் போகும் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் மண் பாதையாக இருந்தால் உங்கள் கார் ஏறுமா, ஜீப் வேண்டுமா என்று உரிமையாளரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்.

புல்லில் உட்காரும்போது விரிப்பு போடுங்கள், கால் மூடிய பேன்ட் அணியுங்கள். அட்டை கடித்தால் நகத்தால் நகர்த்தி எடுத்தால் போதும், தீ வைக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைச் சிற்றுண்ணி கடித்தால் வருவது ஸ்க்ரப் டைபஸ். ஊர் திரும்பி ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் கடும் காய்ச்சலும் தலைவலியும் தொடங்கும். அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட் சுட்டது போன்ற கறுத்த புண் இருக்கிறதா என்று பாருங்கள். புண் இல்லாவிட்டாலும், மலைத்தோட்டத்தில் தங்கி வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டாக்சிசைக்ளின் மாத்திரையை நேரத்தோடு தொடங்கினால் நன்றாகக் குணமாகும். வெறும் வைரஸ் காய்ச்சல் என்று நாள் கடத்தினால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.