பாய்லர் வெடித்த பிறகு தம்பிக்காக அலைந்ததில் தெரிந்துகொண்டது

கடலூர் முதுநகர் பக்கம் ஒரு கம்பெனியில் பாய்லர் வெடித்தபோது என் தம்பிக்கு வெளிக்காயம் பெரிதாக இல்லை. பத்து நாள் கழித்து, பால் வாங்கப் போனவன் வீட்டுக்கு வழி தெரியாமல் தெருமுனையில் நின்றான்.

வெடி அதிர்வில் மூளை அடிபட்டால் ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். அதனால் மறதி, தலைவலி, எரிச்சல் எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். டாக்டரிடம் சொல்லி ஓபி சீட்டில் ஏற்றுங்கள். இழப்பீட்டுக்காக ஊனம் எத்தனை சதவீதம் என்று பேசும்போது அந்தச் சீட்டுதான் கைகொடுக்கும். நாங்கள் ஜிப்மருக்குப் போனோம்; வரிசைக்கு விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும்.

அப்புறம், சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு) பிடிக்கிறார்களா பாருங்கள். பிடித்தால் உதவி அங்கேதான்: வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம். இல்லையென்றால் தொழிலாளர் துறையில் இழப்பீட்டு மனு, விபத்து நடந்த 2 வருடத்துக்குள். ஒரு மாதத்துக்கு மேல் முதலாளி இழுத்தடித்தால் 12 சதவீத வட்டியும் கேட்கலாம்.

“அவன் கான்ட்ராக்டர் ஆள்” என்று கம்பெனியில் கைகழுவினார்கள். கான்ட்ராக்டர் ஆளானாலும் கம்பெனியிடமே கேட்கலாம். இழப்பீடு வேண்டாம் என்று கையெழுத்து வாங்கினாலும் அது செல்லாது. சரி, வக்கீல் செலவு? ஆலைத் தொழிலாளிக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசம். 15100க்குப் போன் போடுங்கள்.