ஸ்ப்ரூஸ் கன்றை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்

டொரொன்டோவில் குளிர் தொடங்கியதும் கறிவேப்பிலைச் சாடிகள் வீட்டுக்குள் வந்துவிடும். அது சரி, உறைபனியில் அது பிழைக்காது. பக்கத்தில் நின்ற ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் கன்றையும் சேர்த்துத் தூக்கிவருவதுதான் பிழை. புதிதாக மரம் வளர்ப்பவர்கள் நாங்கள் ஒரு காலத்தில் செய்ததையே திரும்பச் செய்வதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். சாடியில் ஓட்டை வேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இரக்கப்பட்டு உள்ளே வைப்பது

தெரிந்த அக்கா ஒருவர் நத்தாருக்குச் சாடியோடு ஒரு குட்டை அல்பேர்ட்டா ஸ்ப்ரூஸ் வாங்கி, ஹீட்டர் காற்று வரும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார். "வெளியில விட்டா விறைச்சுப் போகுமெல்லே, பாவம்" என்றார். தைப்பொங்கல் முடிந்ததும் வெளியே எடுத்து வைத்தார். அன்றிரவே கடும் குளிர். பங்குனி வரை மரம் பச்சையாகத்தான் நின்றது. சித்திரை வெயில் ஏறியதும் ஊசிகள் மண்ணிறமாகி, தொட்டாலே பொலபொலவென்று கொட்டின.

அந்த மரம் தை மாதமே செத்துவிட்டது. ஊசியிலை மரங்கள் செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாக நிற்கும். அதனால் காரணம் யாருக்கும் பிடிபடுவதில்லை. பழி குளிர்மேல் விழுகிறது. அடுத்த வருடம் வாங்கும் கன்று இன்னும் சீக்கிரமாக உள்ளே போகிறது. எனக்கு இன்றுவரை ஆத்திரம் வருவது இதனால்தான்.

இந்தக் குட்டை ஸ்ப்ரூஸ் வகை 1904இல் ராக்கி மலைப் பக்கம், இன்றைய லேக் லூயிஸ் பகுதியில் கண்டெடுக்கப்பட்டது. டொரொன்டோக் குளிர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பகல் குறுகக் குறுக, இரவு குளிரக் குளிர, அது கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைப் பனிக்குத் தயார்படுத்திக்கொள்கிறது. 20 பாகைச் சூட்டில் சில வாரங்கள் வைத்தால் அந்தத் தாங்குசக்தி போய்விடும், மொட்டும் விழித்துக்கொள்ளும். அப்புறம் மைனஸ் 15இல் கொண்டுபோய் வைத்தால் எப்படிப் பிழைக்கும்? உள்ளேயே விட்டாலும் காய்ந்த காற்றில் சிலந்திப்பேன் பிடிக்கும்.

நத்தாருக்கு உள்ளே வைத்தே ஆகவேண்டுமென்றால் ஒரு வாரம் வையுங்கள், பத்து நாளைத் தாண்டவேண்டாம். உள்ளே கொண்டுவரும்போதும் வெளியே எடுக்கும்போதும் சூடாக்காத கராஜில் சில நாள் நிறுத்துங்கள். துளிர் விட்டுவிட்டதா? அப்படியானால் வெளிச்சமான, குளிர்ந்த அறையில் வைத்திருந்து, மே மாதம் விக்டோரியா தினம் கழிந்த பிறகு எடுங்கள்.

வேரை மறப்பது

கிளையைவிட வேர்தான் குளிருக்குப் பலவீனமானது. நிலத்தில் நிற்கும் மரத்துக்கு அடிமண்ணின் சூடு இருக்கிறது. சாடிக்கோ சுற்றிலும் குளிர்காற்றுத்தான். நிலம் உறையுமுன் சாடியை விளிம்புவரை மண்ணில் புதைத்து, மேலே மரச்சீவலோ காய்ந்த இலையோ போடுங்கள். இடமில்லாவிட்டால் வடக்கு அல்லது கிழக்குச் சுவரோரமாகச் சாடிகளை நெருக்கி வையுங்கள். விழுகிற பனியைச் சாடியைச் சுற்றிக் குவித்துவிடுங்கள், அது நல்ல போர்வை. ஆனால் நடைபாதையில் வாரிய பனி வேண்டாம், அதில் உப்பு இருக்கும்.

தண்ணீரை நிறுத்துவது

மண் உறையும்வரை ஊற்றுங்கள். மாசி, பங்குனி வெயிலில் ஊசிகள் ஈரத்தை இழந்துகொண்டே இருக்கும், உறைந்த மண்ணிலிருந்து வேரால் எடுத்துக் கொடுக்க முடியாது. வெயில் படும் பக்கம் மட்டும் கருகுவது இதனால்தான். கராஜில் வைத்திருந்தால், மண் இளகும் நாட்களில் விரலை விட்டுப் பார்த்து ஊற்றுங்கள்.

பிளாஸ்டிக்கால் மூடுவது

வெயிலில் உள்ளே வெந்துவிடும். சாக்கு போதும்.

ஆவணிக்குப் பின் உரம்

வேண்டாம்.

சுட்ட மண்சாடி

ஈரம் உறைந்து வெடிக்கும்.

அவசரப்பட்டுப் பிடுங்குவது

ஊசிகள் கருகினாலும் மொட்டுகள் உயிரோடு இருக்கலாம். சிறு கிளையொன்றின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமுமாக இருந்தால் ஆனி வரை விட்டுவையுங்கள். எல்லாக் கிளையும் காய்ந்து மண்ணிறமாக இருந்தால் மட்டும் பிடுங்குங்கள்.