தவழும் பிள்ளைகளின் வகுப்பறை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர் தொழிற்பேட்டையைச் சுற்றிக் குழந்தைகள் காப்பகங்கள் புதிது புதிதாகத் திறக்கிறார்கள். சுவரில் யானையும் ரயிலும் வரைகிறார்கள். தரையில் மண்டியிட்டு, பிள்ளையின் கண் உயரத்தில் அறையைப் பார்ப்பவர் குறைவு. பிளக் பாயிண்டுக்கு மூடி, படிக்கட்டுக்குக் கதவு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுவோம்.

தண்ணீர் வாளி

இந்த ஒன்றைப் பார்த்தால் மட்டும் இன்றும் கோபம் வருகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தண்ணீர் வரும்போதே பிடித்து வைப்பது பழக்கம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் டிரம்மும் குடமும் வீட்டைவிட்டுப் போகவில்லை. அதே பழக்கம் காப்பகத்துக்குள்ளும் நுழைந்துவிடுகிறது: கழிவறை வாசலில் ததும்ப ததும்ப ஒரு வாளி.

1 வயதுப் பிள்ளைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். எட்டிப் பார்த்தால் தலைகுப்புறப் போய்விடும். கை ஊன்றி எழத் தோளில் வலு இருக்காது. 20 லிட்டர் நிறைந்த வாளி சாயவும் சாயாது. மூழ்குவதற்கு 5 செ.மீ. தண்ணீரே போதும். அழுகைச் சத்தம் கேட்டால் ஓடிப்போகலாம் என்று நம்பாதீர்கள், சத்தமே வராது. தரை துடைக்கிறவர் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பும் 2 நிமிடம்தான் ஆபத்தான நேரம்.

துடைத்த கையோடு வாளியைக் காலி செய்து கவிழ்த்துவிடுங்கள். கழிவறைக் கதவுக்கு வெளிப்பக்கம் 5 அடி உயரத்தில் தாழ்ப்பாள் வேண்டும். டிரம் பூட்டிய அறைக்குள் இருக்கட்டும். மேலே சும்மா வைத்த பிளாஸ்டிக் மூடி பிள்ளை சாய்ந்தால் நழுவிவிடும். எந்த வேளைக்கு யார் பொறுப்பு என்று பெயர் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

புளியங்கொட்டை

எண்ணப் பழக்குகிறோம் என்று கிண்ணம் நிறையக் கொடுக்கிறார்கள். 3 வயதுக்குள் வேண்டவே வேண்டாம். 3.2 செ.மீ. வட்டத்துக்குள் நுழையும் சின்னப் பொருள் எதுவும் தொண்டையை அடைக்கும். நிலக்கடலையை முழுதாகத் தராதீர்கள். நைசாகப் பொடித்துக் கேழ்வரகுக் கூழில் கலந்து கொடுக்கலாம்.

தூளி

தூளியில் தாடை நெஞ்சோடு மடிந்தால் மூச்சுத் தடைபடும். கைக்குழந்தையைக் கெட்டியான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை வேண்டாம், போர்வைக் குவியலும் வேண்டாம்.

அலமாரி

சுவரோடு திருகி இறுக்காத அலமாரி உள்ளே வரக்கூடாது.

பட்டன் பேட்டரி

காசு போலச் சின்னதாக, வட்டமாக இருக்கும் இதை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். மூடியில் திருகு இல்லாத ரிமோட்டும் விளக்குப் பொம்மையும் அறைக்கு வெளியே இருக்கட்டும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி வரட்டும் என்று காத்திராமல், 108-ஐ அழையுங்கள்.