பவளத் தொட்டிக்கு வீட்டிலேயே கால்சியம் கரைசல்: எந்தப் பொருளை, எப்படிப் பார்த்து வாங்குவது?

கல் பவளங்கள் தங்கள் கூட்டைக் கட்டக் கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் (தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், கார்பனேட்டின் அளவு) தண்ணீரிலிருந்து சேர்த்தே எடுத்துக்கொள்கின்றன. கடல்நீரில் கால்சியம் சுமார் 410 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), ஆல்கலினிட்டி சுமார் 7 டிகேஎச் (அதை அளக்கும் அலகு). தொட்டியில் பவளம் பெருகிவிட்டால் தண்ணீர் மாற்றுவது மட்டும் போதாது, தினமும் இரண்டையும் ஊற்றியாக வேண்டும். இதற்காகக் கடையில் விற்கும் இரண்டு பாட்டில் கரைசலை (ஒன்று கால்சியத்துக்கு, மற்றது ஆல்கலினிட்டிக்கு) வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையை அமெரிக்க வேதியியலாளர் ரேண்டி ஹோம்ஸ்-ஃபார்லி 2006-இல் விரிவாக எழுதினார். கீழே உள்ள அளவுகள் அதை லிட்டர் கணக்குக்கு மாற்றியவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, அங்கே வீட்டில் வளர்க்க நினைக்காதீர்கள். இந்தப் பதிவு அமெரிக்கா போல, பண்ணையில் வளர்த்த பவளங்களைச் சட்டப்படி வாங்க முடிகிற நாடுகளில் இருப்பவர்களுக்கு.

படி 1: கால்சியம் குளோரைடு

குளிர்காலத்தில் அமெரிக்க ஹார்டுவேர் கடைகளில் வாசல் பனியை உருக்க மூட்டை மூட்டையாக விற்பவற்றில் இதுவும் ஒன்று. பல வருடங்களாகப் பலர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் எல்லா மூட்டையும் ஒன்றல்ல. சிலவற்றில் சாதாரண உப்பு கலந்திருக்கும். சிலவற்றில் நிறமோ, துரு தடுக்கும் ரசாயனமோ இருக்கும். லேபிளில் கால்சியம் குளோரைடைத் தவிர வேறு பெயர் இருந்தால் வாங்காதீர்கள். என்ன கலந்திருக்கிறது என்றே போடாத மூட்டையையும் தவிர்த்துவிடுங்கள்.

தொடக்கக்காரர்களுக்கு நான் சொல்வது உணவுத் தரம்தான். பாலாடைக்கட்டி செய்பவர்களும் பீர் காய்ச்சுபவர்களும் வாங்கும் பொருள் அது. பாக்கெட்டில் ஈ509 என்று, அதாவது கால்சியம் குளோரைடின் உணவுச் சேர்க்கை எண், போட்டிருக்கலாம். விலை கொஞ்சம் கூடும், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்ற கவலை இல்லை.

அடுத்து, டைஹைட்ரேட்டா, அன்ஹைட்ரஸா என்று பாருங்கள். டைஹைட்ரேட்டில் தண்ணீரும் சேர்ந்திருப்பதால் எடையில் 27 சதவீதம்தான் கால்சியம். தண்ணீர் சேராத அன்ஹைட்ரஸில் 36 சதவீதம். ஒன்றுக்குச் சொன்ன அளவில் மற்றதைப் போட்டால் கரைசலின் வீரியமே மாறிவிடும். ஒரு லிட்டருக்கு டைஹைட்ரேட் என்றால் 132 கிராம், அன்ஹைட்ரஸ் என்றால் 100 கிராம்.

படி 2: சமையல் சோடா

ஆல்கலினிட்டிக்கு இது போதும். மளிகைக் கடைப் பாக்கெட்டில் சோடியம் பைகார்பனேட் மட்டும் இருக்க வேண்டும். பேக்கிங் பவுடர் வேண்டவே வேண்டாம். அதில் மாவுச்சத்தும், பல வகைகளில் பாஸ்பேட்டும் இருக்கும். 157 கிராம் சோடாவைத் தட்டில் பரப்பி, ஓவனில் 150 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வையுங்கள். நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறி, சுமார் 99 கிராம் சோடியம் கார்பனேட் மிஞ்சும். எடை இந்த அளவுக்கு இறங்கவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நேரம் வைக்கலாம். துணி துவைக்கும் சோடாவை வாங்கி இந்த வேலையைத் தவிர்க்க நினைப்பவர்கள், அதில் வாசனைப் பொருளோ சோப்போ இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பைத் தெளிய வைத்து ஊற்றலாமா என்று நம்மவர்களுக்குத் தோன்றும். சுண்ணாம்புத் தெளிநீர் ஊற்றும் முறை உண்மையிலேயே உண்டு. ஆனால் அதற்குத் தூய கால்சியம் ஹைட்ராக்சைடு வேண்டும். அமெரிக்காவில் ஊறுகாய்க்கென்று விற்கும் சுண்ணாம்பைப் பலர் பயன்படுத்துகிறார்கள். பிஎச் 12-க்கு மேல் இருக்கும் நீர் அது, ஒரேயடியாக ஊற்றினால் தொட்டிக்கே ஆபத்து. பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 3: கரைப்பது

இரண்டு தனித்தனி பாட்டில்கள், ஆர்ஓ டிஐ தண்ணீர் (வடிகட்டி உப்புகளை நீக்கிய தூய நீர்), கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. கால்சியம் குளோரைடு கரையும்போது நன்றாகச் சூடேறும். அதனால் முக்கால் லிட்டர் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். ஆறியதும் ஒரு லிட்டருக்கு நிரப்புங்கள். ஓவனில் வைத்தெடுத்த சோடா முழுவதையும் அதேபோல வேறு பாட்டிலில் ஒரு லிட்டருக்கு. அது கரைய நேரம் எடுக்கும். இரண்டு கரைசலும் ஒன்றோடொன்று சேரவே கூடாது, சேர்ந்த நொடியில் வெள்ளையாகக் கால்சியம் கார்பனேட் படிந்துவிடும்.

படி 4: தொட்டியில் ஊற்றுவது

முதலில் இரண்டு மூன்று நாள் எதுவும் ஊற்றாமல், தினமும் ஒரே நேரத்தில் ஆல்கலினிட்டியை அளந்து, நாளுக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு 10 மி.லி. சோடா கரைசல் ஆல்கலினிட்டியைச் சுமார் அரை டிகேஎச் உயர்த்தும். அதே 10 மி.லி. கால்சியம் கரைசல் சுமார் 3.6 பிபிஎம் உயர்த்தும். பவளம் இரண்டையும் ஏறக்குறைய இதே விகிதத்தில் எடுப்பதால் சம அளவில் ஊற்றினால் சரி. பம்ப் வேகமாக அடிக்கும் இடத்தில் ஒன்றை ஊற்றி, நன்றாகக் கலக்க நேரம் விட்டு அப்புறம் மற்றது. ஆல்கலினிட்டி ஒரு நாளில் ஒரு டிகேஎச்சுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மக்னீசியத்தை மாதம் ஒருமுறை அளந்தால் போதும். 1,250 பிபிஎம்முக்குக் கீழே போனால் மக்னீசியம் குளோரைடும், வாசனை சேர்க்காத எப்சம் உப்பும் (மக்னீசியம் சல்பேட்) கலந்து ஏற்றலாம். மிச்சமிருக்கும் கால்சியம் குளோரைடைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். ஈரத்தை இழுத்துக்கொண்டால் எடை கூடி, அடுத்த முறை நீங்கள் நிறுக்கும் 132 கிராமில் கால்சியம் குறைவாகத்தான் இருக்கும்.