‘திருத்து’ என்னும் சொல்லைப் பொருளறிந்து எழுதும் முறை

‘திருத்துதல்’ என்றதும் பிழையை நீக்குவதே நினைவுக்கு வருகிறது. ஆனால் அச்சொல்லின் பொருள் அதைவிட அகன்றது. செவ்வையாக அமைவது திருந்துதல், அவ்வாறு அமையச் செய்வது திருத்துதல். செம்மையாகச் செய்யப்பட்ட அணிகலன் பூண்டவளைச் சங்கப் பாடல்கள் ‘திருந்திழை’ என்பதும், காட்டைப் பண்படுத்தி விளைநிலமாக்குவதைக் ‘காடு திருத்துதல்’ என்பதும், முடி வெட்டும் கடை ‘முடிதிருத்தகம்’ ஆனதும் இப்பொருளால்தான். ‘திருத்தமாகப் பேசினார்’ என்பதற்கும் தெளிவாக, செவ்வையாகப் பேசினார் என்றே பொருள்.

எழுதும்போது முதலில் தன்வினையா பிறவினையா என்று பார்க்க வேண்டும். வருந்து–வருத்து, பொருந்து–பொருத்து போலவே திருந்து–திருத்து என்பதும் ஓர் இணை. ‘மகன் திருந்தினான்’ என்பதில் மாற்றம் அவனிடமே நிகழ்கிறது; ‘தாய் மகனைத் திருத்தினாள்’ என்பதில் செய்பவர் வேறு. ‘பிழையைத் திருத்தினேன்’ என ஐ உருபு வெளிப்பட்டு நிற்கும்போது வல்லினம் மிகும். ‘பிழை திருத்தினேன்’ என உருபு மறைந்தால் மிகாது. அச்சுக்குப் போகும் எழுத்திலும் இந்த ஒற்று அடிக்கடி இடம் மாறிவிடுவதால், இதைத் தனியே ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

அடுத்தது, திருத்தத்தையும் மாற்றத்தையும் பிரித்தறிதல். விண்ணப்பம் எழுதுவோர் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. குடும்ப அட்டையில் பெயரின் ஓர் எழுத்து தவறாகப் பதிவாகியிருந்தால் கேட்க வேண்டியது திருத்தம். வீடு மாறியதால் புதிய முகவரியைச் சேர்க்க வேண்டுமானால் அது மாற்றம். பழைய முகவரி அன்றைக்குச் சரியானதுதான். இரண்டையும் கலந்து எழுதினால், முன்பு தந்த விவரமே தவறு என்று நாமே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும்.

சட்ட வழக்கில் மட்டும் இவ்வேறுபாடு தளர்கிறது. 1951-இல் நிறைவேறிய முதல் அரசியலமைப்புத் திருத்தம் எழுத்துப்பிழை நீக்கியதன்று. புதிய விதிகளைச் சேர்த்தது. ஒரு முறைமையையே சீராக்குவதைச் சீர்திருத்தம் என்கிறோம். தமிழக அரசு 1978-இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் அத்தகையது.

விடைத்தாள் திருத்துவது மதிப்பெண் இடுவதையே குறிக்கும் என்பதால், கட்டுரையின் நடையைச் செப்பமாக்கியதைச் சொல்ல விரும்பினால் ‘செம்மைப்படுத்தினார்’ என்று எழுதுவது ஐயத்தைத் தவிர்க்கும். இயந்திரத்துக்குத் தமிழகத்தில் ‘பழுதுபார்த்தல்’ இயல்பாகப் பொருந்தும். ஆனால் இலங்கைத் தமிழில் சைக்கிளையும் திருத்துவார்கள். அதைப் பிழையென்று அடித்துவிட வேண்டாம்.